மதிப்பெண் பதிவேட்டிலிருந்து மறுநாள் பாடத்துக்கு: தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்தி முடித்ததும் பள்ளியில் என்ன நடக்கிறது என்பதைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பணிபுரியும் எந்த ஆசிரியருக்கும் விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண்கள் பதிவேட்டில் ஏறும். பாடவாரியாகத் தேர்ச்சி விழுக்காடு கணக்கிடப்படும். மீளாய்வுக் கூட்டத்தில் விழுக்காடு குறைந்த பாடத்தின் ஆசிரியர் எழுந்து நின்று காரணம் சொல்வார். அந்தக் கூட்டம் கூடுவதற்குள் வகுப்பில் அடுத்த இரண்டு பாடங்கள் நடந்து முடிந்திருக்கும். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறியது என்ற செய்தி மட்டும் விடைத்தாள் கட்டுக்குள்ளேயே தங்கிவிடும்.

அந்தக் கட்டைப் பிரித்து, அதிலிருந்து மறுநாள் பாடத்தை அமைப்பது எப்படி என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளின் பாட ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களும் என் மனத்தில் இருக்கிறார்கள். புதிதாக எந்தத் தேர்வையும் நடத்தச் சொல்லப்போவதில்லை. நம் பிள்ளைகள் ஏற்கெனவே தேவைக்கு மேல் தேர்வெழுதுகிறார்கள். நடந்து முடிந்த தேர்விடம் நாம் கேட்கும் கேள்வியை மாற்ற வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது. "எத்தனை பேர் தேர்ச்சி?" என்று கேட்டால் ஆசிரியர் தம்மைக் காத்துக்கொள்ளப் பதில் தேடுவார். "எங்கே தவறினார்கள், ஏன் தவறினார்கள், நாளை எதை மாற்றிச் சொல்ல வேண்டும்?" என்று கேட்டால் அவர் விடைத்தாளைத் தேடுவார்.

சட்டமும் இதைத்தான் எதிர்பார்க்கிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் தன் 29ஆவது பிரிவில், குழந்தையின் புரிதலையும் அந்தப் புரிதலைப் பயன்படுத்தும் திறனையும் தொடர்ச்சியாகவும் முழுமையாகவும் மதிப்பிட வேண்டும் என்கிறது. அதன் வழியில் தமிழ்நாடு 2012–13 கல்வியாண்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு முப்பருவ முறையைக் கொண்டுவந்து, கற்கும்போதே நடக்கும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண், பருவ இறுதியில் நடக்கும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண் என்று பிரித்தது. நோக்கம் மிக நல்லது. ஆனால் அந்த 40 மதிப்பெண் பல இடங்களில் நிரப்ப வேண்டிய இன்னொரு கட்டமாகிவிட்டது. கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய தொகுப்புக்கு இருபதுக்குப் பத்தொன்பது என்று போடுவது வழக்கமாயிற்று. பிள்ளை வளர்வதற்காக வைத்த மதிப்பீட்டுக்கே மொத்த மதிப்பெண்ணில் பங்கு கொடுத்தால், அது தேர்ச்சி விழுக்காட்டைத் தூக்கிவிடும் கருவியாக மாறுவதைத் தடுப்பது கடினம். வளரறி மதிப்பீட்டில் பிள்ளை துணிந்து தவறு செய்ய இடம் இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எந்தத் தேர்வு யாருக்காக என்று பிரித்துக்கொள்ளுதல்

முதல் வேலை, உங்கள் பள்ளியில் ஓராண்டில் நடக்கும் எல்லாத் தேர்வுகளையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் முடிவைக் கொண்டு யார் என்ன செய்யப்போகிறார்கள் என்று குறிப்பதாகும். 2021 நவம்பரில் நடந்த தேசிய அடைவு ஆய்வு, 2024 டிசம்பரில் 3, 6, 9ஆம் வகுப்புகளுக்கு நடந்த பரக் என்னும் தேசிய ஆய்வு போன்றவை மாதிரிப் பள்ளிகளைத் தேர்ந்தெடுத்து நடத்தப்படுபவை. மாவட்ட அளவில் எந்தக் கற்றல் விளைவு (அந்த வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டிய திறன்) பின்தங்கியிருக்கிறது என்பதை அவை காட்டும். உங்கள் ஆறாம் வகுப்பு மூன்றாவது பெஞ்சில் அமர்ந்திருக்கும் பிள்ளையைப் பற்றி அவற்றால் எதுவும் சொல்ல முடியாது. அவ்வகை ஆய்வுக்காகப் பழைய வினாத்தாள்களைக் கொடுத்துப் பயிற்சி செய்ய வைத்தால் ஆய்வின் நோக்கமே கெட்டுவிடும், பாட நேரமும் வீணாகும். 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு நடந்த மாநில அளவிலான அடைவுத் தேர்வின் அறிக்கையையும், எந்த மாவட்டம் எத்தனையாவது இடம் என்ற பக்கத்தை விட்டுவிட்டுக் கற்றல் விளைவுவாரியான பகுதியிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளியைத் தரம் பிரிப்பது வாங்குபவருக்குப் பயன்படும். விளைவித்தவருக்கோ இலை சுருளத் தொடங்கும்போதே தோட்டத்தில் பார்த்தால்தான் பயன். பருவத் தேர்வும் பொதுத் தேர்வும் தரம் பிரிக்கும் வேலையைச் செய்கின்றன. வகுப்பறையில் வாரந்தோறும் நடக்கும் சிறு தேர்வு, நோட்டுத் திருத்தம், வாய்மொழிக் கேள்வி ஆகியவற்றின் முடிவு பள்ளிக்கு வெளியே போகவே தேவையில்லை. இந்த எல்லையைத் தலைமையாசிரியர் பணியாளர் கூட்டத்தில் வெளிப்படையாக அறிவித்து, அந்தக் குறிப்புகளைக் கொண்டு எந்த ஆசிரியரிடமும் விளக்கம் கேட்பதில்லை என்று உறுதி தர வேண்டும். அந்த உறுதி இல்லாத பள்ளியில் ஆசிரியர் தம் வகுப்பின் உண்மை நிலையை எழுத மாட்டார். எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

விடைத்தாளைப் பிழைகளின் வழியே படித்தல்

இந்த வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஆறாம் வகுப்பில் 503லிருந்து 278ஐக் கழிக்கும் கணக்கு ஒன்றைக் கொடுத்ததாகக் கொள்வோம். விடை 225. மூன்று பிள்ளைகள் தவறாக எழுதுகிறார்கள்: ஒருவர் 375, ஒருவர் 235, மற்றொருவர் 781. பதிவேட்டில் மூவருக்கும் பூஜ்யம். மூவரும் மாலைச் சிறப்பு வகுப்புக்கு அனுப்பப்பட்டு ஒரே மாதிரியான பத்துக் கணக்குகளைச் செய்வார்கள். ஆனால் விடைகளைச் சற்று நின்று பாருங்கள். 375 எழுதிய பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழித்திருக்கிறது: 8லிருந்து 3, 7லிருந்து 0, 5லிருந்து 2. மேலே உள்ள எண் முழுவதிலிருந்து கீழே உள்ள எண்ணைக் கழிக்கிறோம் என்ற கருத்தே அதற்கு இன்னும் பிடிபடவில்லை. 235 எழுதிய பிள்ளைக்குக் கடன் வாங்கத் தெரியும். நூறிலிருந்து வாங்கிய கடனில் ஒரு பத்து ஒன்றுகளின் இடத்துக்குப் போன பிறகு, நடுவில் மீதியிருப்பது 10 அல்ல, 9 என்பதை மட்டும் விட்டுவிட்டது. 781 எழுதிய பிள்ளை கணக்கைக் கூட்டலாகச் செய்து, கூட்டலைச் சரியாகவே செய்திருக்கிறது. அது குறியைக் கவனிக்கவில்லை, அல்லது கேள்வியைப் படிக்க முடியாமல் கூட்டிவிட்டது.

முதல் பிள்ளைக்குப் பத்துக் குச்சிகளைக் கட்டிய கட்டுகளும் தனிக் குச்சிகளும் கொண்டு இட மதிப்பிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு நடுவில் பூஜ்யம் வரும் நான்கைந்து கணக்குகளை அருகில் உட்கார்ந்து ஒன்றாகச் செய்தால் ஒரே பாடவேளையில் சரியாகிவிடக்கூடும். மூன்றாவது பிள்ளைக்குக் கணக்கே தேவையில்லாமல் இருக்கலாம். படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். மூவரையும் சேர்த்து "மெல்லக் கற்பவர்" என்று பட்டியலில் எழுதிவிட்டால் இந்த வேறுபாடு முழுவதும் மறைந்துபோகும். அந்தப் பட்டியல் நம் பள்ளிகளில் எவ்வளவு எளிதாகத் தயாராகிறது, ஒருமுறை அதில் ஏறிய பெயர் எவ்வளவு அரிதாக இறங்குகிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

செய்யும் முறை எளியது. தேர்வு முழுவதையும் இப்படிப் படிக்க நேரம் கிடைக்காது. ஆகவே பாடத்தின் மையக் கருத்தைத் தொடும் ஒன்று அல்லது இரண்டு வினாக்களை மட்டும் முன்கூட்டியே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண் போடுவதற்கு முன் அந்த வினாவின் விடையை மட்டும் பார்த்து, ஒரே மாதிரியான பிழைகளைக் கொண்ட தாள்களைத் தனித்தனிக் குவியலாக வையுங்கள். நாற்பது பேர் கொண்ட வகுப்புக்கு ஒரு வினாவை இப்படிப் பிரிக்க அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பொதுவாக மூன்று அல்லது நான்கு குவியல்களில் எல்லாத் தாள்களும் அடங்கிவிடும். ஒவ்வொரு குவியலுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: பிள்ளை என்ன நினைத்து இப்படி எழுதியிருக்கும்? ஊகம் வராவிட்டால் அந்தக் குவியலிலிருந்து ஒரு பிள்ளையை அழைத்து, "இதை எப்படிச் செய்தாய், எனக்குச் சொல்லிக் காட்டு" என்று கேளுங்கள். அதட்டலில்லாமல் கேட்டால் பிள்ளைகள் மிகத் தெளிவாகச் சொல்வார்கள். அந்த வரிகளே அடுத்த நாள் பாடக்குறிப்பின் முதல் பத்தி.

பெரும்பான்மையான தாள்கள் ஒரே தவறான குவியலில் சேர்ந்தால் பாடம் நடத்திய முறையை மாற்றி முழு வகுப்புக்கும் மீண்டும் நடத்த வேண்டும்; ஆறேழு பேர் மட்டும் என்றால் மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுத்துவிட்டு அவர்களோடு இருபது நிமிடம் உட்காரலாம். தொடக்க வகுப்புகளில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிக்கச் சொல்வதும் இதே அடிப்படையில்தான். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: அரும்பில் இருக்கும் பிள்ளை ஆண்டு முழுவதும் அரும்பிலேயே இருந்தால், நிலை பிரித்தது கற்பித்தலுக்குப் பயன்படவில்லை என்று பொருள்.

மதிப்பெண்ணுக்கு முன் குறிப்பு

1988இல் ரூத் பட்லர் என்னும் ஆய்வாளர் இஸ்ரேலில் பள்ளி மாணவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவை வெளியிட்டார். சிலருக்கு மதிப்பெண் மட்டும், சிலருக்குக் கருத்துக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுக்கப்பட்டன. குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். மதிப்பெண்ணோடு சேர்த்துக் குறிப்பும் பெற்றவர்களிடம் அந்த முன்னேற்றம் இல்லை. காரணம் நம் வகுப்பிலேயே கண்ணுக்குத் தெரிவதுதான்: தாள் கைக்கு வந்ததும் பிள்ளை முதலில் தன் மதிப்பெண்ணைப் பார்க்கிறது, அடுத்துப் பக்கத்துப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கிறது, பிறகு தாளை மடித்துப் பையில் வைத்துவிடுகிறது. பத்து ஆண்டுகள் கழித்து, 1998இல், பால் பிளாக், டிலன் வில்லியம் ஆகிய இருவரும் இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, வகுப்பறை மதிப்பீட்டைக் கற்றலுக்குப் பயன்படுத்தினால் அடைவு உயர்கிறது என்றும், பின்தங்கிய மாணவர்களுக்கே அதனால் கூடுதல் பயன் என்றும் காட்டினார்கள்.

ஆகவே பருவத் தேர்வு தவிர்த்த எல்லாச் சிறு தேர்வுகளிலும் தாளைக் குறிப்புடன் மட்டும் திருப்பிக் கொடுங்கள். பிள்ளை திருத்தி எழுதிக் கொடுத்த பிறகு மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். "நன்று", "முயற்சி தேவை", "கவனம்" போன்ற சொற்களால் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. "இரண்டாவது பத்தியில் காரணம் சொல்லியிருக்கிறாய், சான்று சொல்லவில்லை, பாடத்திலிருந்து ஒரு சான்று சேர்த்து எழுது" என்பது போல், அடுத்து செய்ய வேண்டிய ஒரு வேலையைச் சொல்லுங்கள். எல்லோருக்கும் எழுத நேரம் போதாதென்றால் குவியலுக்கு ஒரு குறிப்பைக் கரும்பலகையில் அ, ஆ, இ என்று எழுதி, தாளில் அந்த எழுத்தை மட்டும் குறித்தால் போதும். ஆனால் திருத்தி எழுத வகுப்பிலேயே பதினைந்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் திருத்தி வா என்று சொன்னால், ஆடு மாடு பார்க்கவும் தம்பி தங்கையைக் கவனிக்கவும் வேண்டிய பிள்ளை திருத்தாமலேதான் வரும்.

பாடத்தின் நடுவே

தேர்வு நாள் வரை காத்திருக்காமல் பாடம் நடக்கும்போதே புரிதலை அறிய, தவறான எண்ணத்தை வெளியே கொண்டுவரும் ஒரு கேள்வியை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒளிச்சேர்க்கை நடத்தும்போது, "சந்தூரில் ஒரு தோப்பில் நட்ட மாங்கன்று பத்து ஆண்டில் பெரிய மரமாகிவிட்டது, அந்தக் கட்டையின் எடையில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? மண்ணா, உரமா, வெயிலா, காற்றும் நீருமா?" என்று கேளுங்கள். ஒளிச்சேர்க்கையின் வரையறையைப் பிழையின்றி ஒப்பிக்கும் பிள்ளைகளிலும் பலர் மண் என்றே சொல்வார்கள். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடும் வேர் உறிஞ்சிய நீரும்தான் அந்தக் கட்டையாக மாறியிருக்கின்றன என்பதை ஏற்க அவர்களுக்கு ஒரு விவாதம் தேவை. அந்த விவாதத்துக்கு நேரம் கொடுங்கள். கணக்கில் 0.35, 0.4 இரண்டில் எது பெரியது என்ற கேள்வி இதே வேலையைச் செய்யும். 35 பெரியது என்பதால் 0.35 பெரியது என்பவர்கள் ஏழாம் வகுப்பிலும் இருப்பார்கள்.

விடை தெரிந்தவர் கைதூக்கட்டும் என்று கேட்பதைக் குறைத்து, எல்லோரும் சிலேட்டிலோ நோட்டின் கடைசிப் பக்கத்திலோ எழுதித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். கேட்டதும் பதிலுக்குக் காத்திருங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் கண்டறிந்தபடி, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்குகிறார்கள்.

நம் இரு மாவட்டங்களில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் பெரும் எண்ணிக்கையில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் உருது பேசும் பிள்ளைகளும் உண்டு. இவர்களுடைய கணக்குத் தாளில் எழுத்துக் கணக்கு மட்டும் தவறி, வெறும் எண்களாகக் கொடுத்த கணக்கு சரியாக இருந்தால், குறை கணக்கில் இல்லை. அதே வினாவை வாய்மொழியாக, முடிந்தால் வீட்டு மொழி தெரிந்த ஆசிரியரையோ மூத்த மாணவரையோ கொண்டு கேட்டுப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைப்பகுதிப் பள்ளிகளில் எழுத்துத் தேர்வு மட்டும் பிள்ளையின் அறிவைக் காட்டிவிடாது. செய்து காட்டவும் சொல்லிக் காட்டவும் வாய்ப்பு வேண்டும்.

இரண்டாவது, இடம்பெயர்தல். பெங்களூருக்குக் கட்டட வேலைக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பெற்றோருடன் பிள்ளைகளும் போய்த் திரும்புகிறார்கள். இவர்களின் மதிப்பெண்ணை வருகைப் பதிவேட்டுடன் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். எந்தப் பாடங்கள் நடந்தபோது பிள்ளை இல்லை என்பதைத் தேதியோடு ஒரு பக்கத்தில் குறித்து வைத்தால், திரும்பி வந்த வாரத்தில் அந்தப் பகுதிகளின் அடிப்படையை மட்டும் எடுத்துச் சொல்ல முடியும். ஆண்டு முழுவதையும் திரும்பச் சொல்ல யாராலும் முடியாது, தேவையும் இல்லை.

மீளாய்வுக் கூட்டத்தை மாற்றுதல்

மேலதிகாரிகள் விழுக்காடு கேட்பது நிற்கப்போவதில்லை, அந்தத் தகவல் அவர்களுக்கு வேண்டியதும் கூட. அதை ஒரு தாளில் முறையாகக் கொடுத்துவிட்டு, பள்ளிக்குள் நடக்கும் கூட்டத்தில் அந்தத் தாளை வெளியே எடுக்காமல் இருப்பது தலைமையாசிரியரின் கையில் இருக்கிறது. பாட ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் ஒரே வினாவின் மூன்று விடைத்தாள்களைப் பிள்ளைகளின் பெயரை மறைத்துக் கொண்டுவரட்டும். மற்றவர்கள் படித்து, பிள்ளை என்ன நினைத்திருக்கும் என்று சொல்லட்டும். கடைசியில் அந்த ஆசிரியர், தாம் அடுத்த வாரம் மாற்றிச் செய்யப்போவதை ஒரு வரியில் சொல்லட்டும். அடுத்த கூட்டம் அந்த ஒரு வரியிலிருந்து தொடங்கட்டும். அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களிலும் இதைச் செய்யலாம். சிறிய பள்ளிகளில் ஒரு பாடத்துக்கு ஒரே ஆசிரியர் என்பதால் ஒன்றியத்தின் மற்றப் பள்ளி ஆசிரியர்களோடு தாள்களைப் பகிர்ந்துகொள்வது மிக உதவும். வகுப்பைப் பார்க்க வரும் ஆசிரியர் பயிற்றுநரிடமும் பதிவேட்டுக்கு முன்னால் இந்தத் தாள்களை வையுங்கள்.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்களின் நெருக்கடி வேறு. நூற்றுக்கு 35 என்ற எல்லையைப் பிள்ளை தாண்டியே ஆக வேண்டும்; தேர்ச்சிக்கு வேண்டிய அளவு பாடத்தை மட்டும் சுருக்கித் தரும் குறைந்தபட்சக் கற்றல் கட்டகத்தை ஒதுக்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு எடுங்கள். ஜூன் மாதத்திலேயே பிள்ளைகளைத் தேறுவோர், தேறாதோர் என்று பிரித்துக் கட்டகத்தை மனப்பாடம் செய்ய வைத்தால், 35 வாங்கிப் போகும் பிள்ளை மேல்நிலை வகுப்பில் முதல் பாடத்திலேயே நின்றுவிடுகிறது. முதல் மூன்று மாதங்களில் ஆறு, ஏழாம் வகுப்பு அடிப்படைகளில் எது விடுபட்டிருக்கிறது என்று சோதித்து அதைச் சரிசெய்வது, பொதுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்தே உயர்த்தும்.

பெற்றோரிடமும் பேச்சை மாற்ற வேண்டும். 2017இல் பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் அறிவிப்பதை அரசு நிறுத்தியது; பேருந்து நிலையங்களின் பிளெக்ஸ் பலகைகளில் மதிப்பெண்கள் இன்னும் பெரிதாகவே தெரிகின்றன. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் மதிப்பெண்ணைப் படிக்காதீர்கள். பிள்ளையின் ஜூலை மாத நோட்டையும் அக்டோபர் மாத நோட்டையும் அம்மாவின் கையில் கொடுத்து, அன்று ஒரு வரி எழுதிய பிள்ளை இன்று அரைப்பக்கம் எழுதுகிறது என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் அது விளங்கும்.

தொடங்கும்போது ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரத்துக்கு ஒரு வினா என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கென்று தனிப் பதிவேடு வேண்டாம்; பாடக்குறிப்பு ஏட்டின் இடது பக்கமே போதும். தேதி, வினா, குவியல்கள், மாற்றிச் செய்தது, மீண்டும் கேட்டபோது எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள் என்ற ஐந்து செய்திகளை அங்கே எழுதுங்கள். பருவ முடிவில் அதே வினாவை எண்களை மட்டும் மாற்றி மீண்டும் கொடுத்து, முதலில் தவறிய பிள்ளைகளின் தாள்களை மட்டும் எடுத்துப் பாருங்கள். எந்தக் குவியல் கரைந்தது, எது கரையவில்லை என்பது தெரிந்துவிடும். கரையாத குவியலிலிருந்து அடுத்த பருவத்தின் முதல் வாரப் பாடக்குறிப்பை எழுதத் தொடங்கலாம்.